ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த கினி பிக்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க வீட்ல ரொம்ப வருஷமா கினி பிக் இருக்கு. கல்லு, கட்டி, பல்லு, சளின்னு எல்லாத்தையும் பாத்தாச்சு, அதனால தெரிஞ்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு யாராவது ஒருத்தர் போன் பண்ணி கேட்டுட்டே இருப்பாங்க, பெரும்பாலும் ராத்திரி பதினோரு மணிக்கு, கிளினிக் எல்லாம் மூடுனதுக்கு அப்புறம். கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். நான் டாக்டர் இல்ல. மருந்து அளவு எதுவும் இங்க கிடையாது, அத உங்க டாக்டர்தான் எடை பாத்து சொல்லணும்.

இப்பதான் ஆபரேஷன் முடிஞ்சு கூட்டிட்டு வந்தோம், முதல்ல என்ன பண்ணனும்?

மரத்தூள், வைக்கோல் எல்லாத்தையும் கூண்டுலேர்ந்து எடுத்துட்டு சுத்தமான டவலோ பழைய காட்டன் துணியோ விரிங்க. தூள் தையல்ல ஒட்டும், அதுவும் இல்லாம ரத்தம், யூரின், புழுக்கை எது எவ்ளோ வருதுன்னு வெள்ளைத் துணில தான் தெரியும். மாடி கூண்டா இருந்தா ஏணிய எடுத்துடுங்க, ஒரே தளம் போதும். ஒளிஞ்சுக்க ஒரு அட்டப்பெட்டி, மூக்குக்கு முன்னாடி காஞ்ச புல்லு, தண்ணி, கொஞ்சம் பிடிச்ச காய்.

அப்புறம் எடை போட்டு எழுதி வச்சுக்கோங்க. இத நிறைய பேர் மறந்துடுறாங்க, நாலு நாள் கழிச்சு இளைச்ச மாதிரி இருக்கேன்னு கேக்கும்போது எதோட ஒப்பிடுறதுன்னே தெரியாது.

டயர்டா இருக்கும், இன்னிக்கு ஒரு நாள் தூங்கட்டும், நாளைக்கு சாப்பாடு குடுக்கலாம்னு விட்ரலாமா?

விடாதீங்க. நாய், பூனை ஒரு நாள் சாப்பிடலன்னா பெருசா ஒண்ணும் ஆகாது, கினி பிக் அப்படி இல்ல. அதோட குடல் நாள் பூரா ஓடிட்டே இருக்கணும், நார் உள்ள போயிட்டே இருந்தாத்தான் அது ஓடும். நின்னுடுச்சுன்னா உள்ள கேஸ் சேரும், வலி வரும், வலில இன்னும் சாப்பிடாது, பக்கத்துலயே ஈரலும் அடி வாங்க ஆரம்பிக்கும், குறிப்பா குண்டா இருக்குற கினி பிக்குக்கு. 12 மணி நேரம் எதுவுமே சாப்பிடலன்னாலே டாக்டர கூப்பிடணும், 24 மணி நேரம்னா உயிருக்கே ஆபத்து.

நான் பாத்த வரைக்கும் நல்லா நடந்த ஆபரேஷனுக்கு அப்புறமும் கினி பிக் செத்துப்போறதுக்கு காரணம் கத்தி இல்ல, அடுத்த ரெண்டு நாள் வயிறு காலியா இருந்ததுதான். வீட்டுக்கு வந்து ரெண்டு மூணு மணி நேரத்துல அதுவா எதையும் கடிக்கலன்னா சிரிஞ்ச எடுத்துடுங்க.

சிரிஞ்ச்ல எப்படி ஊட்றது? வாயவே திறக்க மாட்டேங்குது

ஒரு டவல்ல உடம்ப சுத்திக்கோங்க, தலை மட்டும் வெளிய. வயித்துல தையல் இருந்தா இறுக்காதீங்க. மடியில உக்கார வச்சு, அது முதுகு உங்க வயித்துப் பக்கம் இருக்குற மாதிரி வச்சுக்கோங்க, அப்பத்தான் பின்னாடி நகர முடியாது. நாலு காலும் கீழ இருக்கணும், மல்லாக்க மட்டும் படுக்க வைக்கவே கூடாது, புரை ஏறி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா நிமோனியா.

1 மில்லி சிரிஞ்ச் தான் சரி. கூழு (கிரிட்டிக்கல் கேர்னு, சாப்பிடாத கினி பிக்குக்குன்னே வர்ற நார் பவுடர தண்ணில கரைச்சது) அடைச்சா முனைய கொஞ்சம் வெட்டி, வெட்டுன இடத்த நல்லா தேச்சு வழவழன்னு ஆக்கிக்கோங்க. முன் பல்லுக்கும் கடவாய்ப் பல்லுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, உதட்டு ஓரமா பக்கவாட்டுல விட்டா சிரிஞ்ச் அங்க தானா போகும், வாயத் திறக்க வைக்கணும்னே இல்ல. கால் மில்லி தள்ளுங்க, நிறுத்துங்க. தாடை முன்னயும் பின்னயும் அசைய ஆரம்பிக்கும், காதும் கூடவே லேசா ஆடும், அது நின்னப்புறம் அடுத்த கால் மில்லி. மெல்லாம வாய்ல வச்சுட்டு இருந்தா இன்னும் தள்ளாதீங்க, காத்திருங்க. முதல் நாள் பாதி உங்க சட்டைல தான் இருக்கும், பரவால்ல. முடிச்சதும் தாடைய ஈரத்துணில தொடச்சு விடுங்க, காஞ்சா முடியெல்லாம் ஒட்டிப் புண்ணாகும்.

ஒரு நாளைக்கு எத்தனை மில்லி?

சுத்தமா சாப்பிடாத கினி பிக்குக்கு கரைச்ச கூழு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிலேர்ந்து 80 மில்லி வரைக்கும். 900 கிராம் இருந்தா குறைஞ்சது 45 மில்லி. இத அஞ்சு ஆறு வேளையா பிரிச்சுக்கோங்க. ஒரு வேளைக்கு எட்டு ஒம்போது சிரிஞ்ச்னு வரும், கேக்க நிறைய மாதிரி இருந்தாலும் பழகிட்டா இருபது நிமிஷம் தான்.

முதல் ரெண்டு ராத்திரி அலாரம் வச்சு எந்திரிக்கணும், மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ. புழுக்கை ஒழுங்கா வர ஆரம்பிச்சதும் ராத்திரி ஒரு ஆறு மணி நேரம் நீங்களும் தூங்கலாம். அதுவா காஞ்ச புல்லு மெல்ல ஆரம்பிச்சா கூழ ஒரேடியா நிறுத்தாம எடையப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா குறைங்க.

கிரிட்டிக்கல் கேர் பவுடர் எங்க ஊர்ல கிடைக்கல. செரிலாக் குடுக்கலாமா? கஞ்சி?

செரிலாக் வேண்டாம், அதுல பாலும் சக்கரையும் இருக்கு. அரிசிக் கஞ்சி, ராகிக் கஞ்சி, தயிர் சாதம், பிஸ்கட் ஊற வச்சதுன்னு எதுவுமே வேண்டாம். மாவுச்சத்து உள்ள போனா குடல்ல கெட்ட கிருமி பெருகும், நார் இல்லாததால குடலும் நகராது.

கிடைக்குற வரைக்கும் அது தினம் சாப்பிடுற கினி பிக் பெல்லட்டையே மிக்ஸில நைசா அடிச்சு வெதுவெதுப்பான தண்ணில ஊற வச்சு, சிரிஞ்ச்ல ஏறுற பதத்துக்கு கரைச்சு குடுங்க. கலர் கலரா விதை, சோளம் எல்லாம் கலந்து வர்ற பாக்கெட்ட சொல்லல, புல்லுல செஞ்ச வெறும் பெல்லட். அரைச்ச காஞ்ச புல்லும் கொஞ்சம் சேத்து சலிச்சுக்கலாம். ருசிக்கு ரெண்டு கொத்தமல்லி இலை. மீந்தத அடுத்த வேளைக்கு வைக்காதீங்க, நம்ம ஊர் சூட்டுல சீக்கிரம் புளிச்சுடும்.

தினமும் எடை பாக்கணுமா? கூண்டுலேர்ந்து தூக்குனாலே பயப்படுது

தினமும், ஒரே நேரத்துல, காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி. டாக்டர் கிட்ட கிலோ கணக்குல பாக்குற மெஷின் வேண்டாம், சமையலறைல மாவு நிறுக்குற கிராம் தராசு போதும். மேல ஒரு எவர்சில்வர் பேசின வச்சு, அடில துணி போட்டு, ஜீரோ பண்ணிட்டு, அதுக்குள்ள ஒரு துண்டு வெள்ளரிக்காயோட விட்டா நம்பர் நிக்குற வரைக்கும் ஆடாம இருக்கும்.

இருபது முப்பது கிராம் ஏறி இறங்குறது சகஜம், ஒண்ணுக்குப் போனாலே அவ்ளோ மாறும். ஆனா வந்த அன்னிக்கு 900 இருந்தது தொடர்ந்து இறங்கி 810க்கு வந்துச்சுன்னா அது பத்து சதவீதம், அதுவரைக்கும் காத்திருக்காம பாதி வழிலயே டாக்டர்கிட்ட பேசுங்க. சாப்பிடுற மாதிரி நடிக்கும், புல்ல வாய்ல வச்சு இழுத்துட்டு கீழ போட்டுடும், தூரத்துலேர்ந்து பாத்தா சாப்பிடுதுன்னு தான் தோணும். தராச ஏமாத்த முடியாது.

புழுக்கை சின்னதா, காஞ்சு வருது. சில நேரம் வரவே இல்ல

ஆபரேஷன் அன்னிக்கு குறைவாவும் சின்னதாவும் வர்றது எதிர்பாக்குறதுதான், உள்ள போனது குறைவு. அடுத்தடுத்த நாள்ல எண்ணிக்கையும் அளவும் கூடிட்டே வரணும். சின்னதா, கூர் முனையா, ஒண்ணோட ஒண்ணு முடியால கோத்த மாதிரி வந்தா குடல் மெதுவாயிடுச்சுன்னு அர்த்தம், கூழையும் தண்ணியையும் கூட்டுங்க, டாக்டருக்கு சொல்லுங்க. சுத்தமா வராம வயிறு உப்பி டைட்டா இருந்தா கூழு ஊட்டாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. அங்க காத்து இருக்கா அடைப்பு இருக்கான்னு எக்ஸ்ரே பாக்காம உள்ள தள்றது ஆபத்து.

இன்னொரு விஷயம், கினி பிக் தன்னோட மெத்துன்னு இருக்குற ஒரு வகை புழுக்கைய தானே குனிஞ்சு வாங்கி சாப்பிடும், அதுல தான் பி வைட்டமினும் நல்ல கிருமியும் இருக்கு. வயித்துல தையல் இருந்தா குனிய முடியாது. ஆன்டிபயாடிக்கும் சேந்துச்சுன்னா குடல்ல நல்ல கிருமி காலி. அப்போ ஆரோக்கியமான ஜோடியோட புதுப் புழுக்கை ரெண்ட தண்ணில கரைச்சு வடிகட்டி அந்தத் தண்ணிய சிரிஞ்ச்ல குடுக்குறது உண்டு. படிக்கும்போதே மூஞ்ச சுளிப்பீங்க, டாக்டர்களே சொல்ற வழிதான். குடுக்குற கினி பிக்குக்கு வேற நோய் எதுவும் இருக்கக் கூடாது, அது முக்கியம்.

அதுக்கு தயிர், மோர் குடுத்தா போதாதா? நமக்கு அதானே குடுப்பாங்க

போதாது. பால் சார்ந்த எதுவும் அதோட குடலுக்கு ஒத்துக்காது, தயிர்ல இருக்குற கிருமியும் அதோட குடல்ல இருக்க வேண்டிய கிருமியும் வேற வேற.

வலி இருக்கா இல்லையான்னு எப்படி தெரியும்? கத்தவே இல்லையே

கத்தாது. காட்டுல மத்ததுக்கு இரையா இருந்த பிராணி, வலிய மறைக்கத்தான் தெரியும். மூலைல முதுகக் கூனிட்டு முடி சிலிர்த்து உக்காந்திருக்கும், கண்ணு பாதி மூடியிருக்கும், பல்ல நறநறன்னு கடிக்கிற சத்தம் கேக்கும், பிரிட்ஜ் கதவு திறந்தா எப்பவும் போடுற "வீக் வீக்" சத்தம் வராது. தொட்டா விலகும், நடந்தா வயித்த எக்கிட்டு நடக்கும்.

வலி மருந்த டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் குடுங்க, ரெண்டாம் நாளே நல்லா ஓடுது, எதுக்கு மருந்துன்னு நிறுத்துறவங்க நிறைய. அது ஓடுறதே மருந்தால தான். நிறுத்துன மறுநாள் சாப்பாடும் நின்னுடும், அப்புறம் திரும்ப முதல்லேர்ந்து.

நாங்க போடுற டோலோவ கொஞ்சமா பொடி பண்ணி குடுக்கலாமா?

வேண்டாம். ஒரு கிலோ கூட இல்லாத உடம்புக்கு நம்ம மாத்திரைய கண்ணளவுல உடைக்க முடியாது. பொதுவா கினி பிக்குக்கு டாக்டர்கள் எழுதுறது மெலாக்ஸிகாம், பெரிய ஆபரேஷன்னா கூட பியூப்ரநார்ஃபின் மாதிரி ஒண்ணு.

மெலாக்ஸிகாம் வாங்கும்போதும் பாட்டில்ல மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்னு படிங்க. நாய்க்கு வர்றது 1.5, பூனைக்கு வர்றது 0.5. கடைல ஒண்ணு இல்லன்னு இன்னொண்ண எடுத்துக் குடுத்தா அதே அளவு சொட்டுல ஒண்ணு மூணு மடங்கு போயிடும், இல்ல மூணுல ஒரு பங்கு தான் போகும். மாத்தி குடுத்தா டாக்டருக்கு போன் போட்டு அளவ திரும்பக் கேளுங்க.

மெடிக்கல் ஷாப்ல அமாக்சிசிலின் சிரப் குடுத்தாங்க, குழந்தைக்கே குடுக்குறது தானே?

இத மட்டும் தயவுசெஞ்சு வாய்ல ஊத்திடாதீங்க. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின், இதெல்லாம் கினி பிக் குடல்ல இருக்குற நல்ல கிருமிய அழிச்சுட்டு கிளாஸ்ட்ரிடியம்ங்கிற விஷக் கிருமி வளர இடம் விட்டுடும். பேதி வந்து சில நாள்ல செத்துப்போகும். பேர் தெரியாம வேற பிராண்ட்ல வரும், அட்டைல சின்ன எழுத்துல என்ன மருந்துன்னு பாத்துக்கோங்க.

என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோப்ரிம்-சல்ஃபா, இது மாதிரி சிலது தான் வழக்கமா குடுக்குறது. நாய் பூனை மட்டுமே பாக்குற டாக்டரா இருந்தா "கினி பிக்குக்கு பென்சிலின் வகை ஆகாதுன்னு சொல்றாங்களே"ன்னு மரியாதையா கேட்டுடுங்க, நல்ல டாக்டர் கோச்சுக்க மாட்டார். சென்னைல இருக்கவங்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில கேக்கலாம், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிலயும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. போறதுக்கு முன்னாடி கினி பிக் பாக்குறவங்க என்னிக்கு இருப்பாங்கன்னு விசாரிச்சுட்டு போங்க.

வைட்டமின் சி எதுக்கு எல்லாரும் சொல்றீங்க? லிம்சீ குடுக்கலாமா, நெல்லிக்காய் போதுமா?

நம்மள மாதிரியே கினி பிக்குக்கும் வைட்டமின் சி உடம்புல உற்பத்தி ஆகாது, சாப்பாட்டுல தான் வரணும். நாய், பூனை, முயல் எல்லாம் தானே செஞ்சுக்கும். புண்ணு ஆறணும்னா சதையும் தோலும் ஒட்ட கொலாஜன் வேணும், கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேணும், அதான் விஷயம். சாதாரண நாள்ல கிலோவுக்கு 10லேர்ந்து 30 மில்லிகிராம் போதும், உடம்பு சரியில்லாதப்ப 50 வரைக்கும் ஏத்துவாங்க. முட்டி வீங்கி நடக்க மாட்டேங்குது, ஈறுல ரத்தம், முடி சொரசொரன்னு இருக்குன்னா இந்தக் குறையா இருக்கலாம்.

குடைமிளகாய் தான் சுலபம், பச்சைல 100 கிராமுக்கு சுமார் 80 மில்லிகிராம், சிவப்புல இன்னும் கூட. கொய்யாவுல 200க்கு மேல, ஆனா இனிப்பு இருக்கு, சின்னத் துண்டு போதும். நெல்லிக்காய்ல எக்கச்சக்கமா இருக்கு, புளிப்புக்கு நிறைய கினி பிக் திரும்பிக்கூட பாக்காது, ஒரு சீவல் வச்சுப் பாருங்க. லிம்சீ 500 மில்லிகிராம் மாத்திரை, சக்கரையும் ஃப்ளேவரும் சேத்தது, டாக்டர்கிட்ட கேட்டு சொட்டு மருந்தா வாங்கிக்கிறது மேல். தண்ணி பாட்டில்ல கலக்காதீங்க, வெளிச்சத்துல கெட்டுடும், எவ்ளோ உள்ள போச்சுன்னும் தெரியாது, ருசி மாறி தண்ணியே குடிக்காம விட்டாலும் விடும்.

தையல் போட்ட இடம் கொஞ்சம் வீங்கியிருக்கு. மஞ்சள் தடவலாமா, தேங்காய் எண்ணெய்?

எதுவும் தடவாதீங்க. மஞ்சள் தூளு, எண்ணெய், நம்ம வீட்டு ஆயின்மென்ட், எல்லாம் நக்கி உள்ள போகும். மஞ்சள் பூசிட்டா சிவந்திருக்கா இல்லையான்னே தெரியாது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ நல்ல வெளிச்சத்துல பாருங்க, தொடாம. முதல் சில நாள் லேசான வீக்கம், ரோஸ் கலர், ஒரு சின்ன முடிச்சு மாதிரி தெரியுறது சகஜம். சூடா, சிவப்பா, கசிஞ்சுட்டு, நாத்தம் அடிச்சா, இல்ல தையல் பிரிஞ்சு புண்ணு பிளந்திருந்தா அன்னிக்கே போங்க.

வெளித் தையல்னா 10லேர்ந்து 14 நாள்ல எடுப்பாங்க. நிறைய டாக்டர்கள் இப்போ தோலுக்கு அடில கரையுற நூல்ல போட்டுடுறாங்க, தையலே காணோம்னு பயப்பட வேண்டாம். அதுவரைக்கும் குளிப்பாட்டாதீங்க.

ஈ மொய்க்குது, எறும்பு வருது, என்ன பண்றது?

நம்ம ஊர்ல இது தான் பெரிய தலைவலி. புண்ணுலயோ, ஈரமா இருக்குற பின்பக்கத்துலயோ ஈ முட்டை வச்சுட்டா ஒரே நாள்ல புழு வந்துடும், உயிரோட அரிக்கும். கூண்டு மேல கொசுவலை போட்டு மூடுங்க, துணிய ரெண்டு வேளையும் மாத்துங்க, பின்பக்கத்த தொடச்சு ஈரம் இல்லாம வைங்க. வெள்ளையா அரிசி நொய் மாதிரி ஏதாவது தெரிஞ்சா காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க.

எறும்பு வர்றது பெரும்பாலும் சிந்துன கூழுக்கு. மேஜை மேல கூண்டு வச்சு நாலு காலையும் தண்ணிக் கிண்ணத்துல வச்சுடுங்க, பாட்டி காலத்து டெக்னிக், இன்னிக்கும் வேலை செய்யுது. எறும்பு சாக்பீஸ், பவுடர், ஹிட் ஸ்ப்ரே எதுவும் கூண்டுக்குப் பக்கத்துல வேண்டாம், அது பூச்சிக்கு மட்டும் விஷம் இல்ல.

தையல கடிக்குது, கோன் மாட்டணுமா?

தையல நக்காம இருக்க நாய்க்கு கழுத்துல மாட்டுற கோன் கினி பிக்குக்கு பெரும்பாலும் ஒத்து வராது. பயந்து உறஞ்சு போய் சாப்பிடாம இருந்துடும், அப்புறம் ரெண்டாவது கேள்வில சொன்ன பிரச்சனை. லேசா நக்குறத விட்டுடலாம். விடாம இழுத்துக் கடிக்குதுன்னா முதல்ல வலி மருந்து போதுதான்னு கேளுங்க, வலிக்குற, இழுக்குற இடத்தத்தான் கடிக்கும். மாட்டியே ஆகணும்னு டாக்டர் சொன்னா துணில செஞ்ச மெத்துன்னு ஒரு காலர், அதுவும் நீங்க பக்கத்துல இருந்து ஊட்ற மாதிரி இருந்தா மட்டும்.

கழுத்துல கட்டிய கீறிட்டு தைக்காமலே அனுப்பிட்டாங்க, மறந்துட்டாங்களா?

மறக்கல. கினி பிக்கோட சீழ் கெட்டியா இருக்கும், முழுசா வடியாது. மேல தச்சுட்டா உள்ளயே திரும்ப சேரும். அதனால புண்ணோட வாயத் திறந்து வச்சு உள்ளேர்ந்து வெளிய ஆற விடுவாங்க. டாக்டர் காட்டிக் குடுத்த மாதிரி தினமும் சலைனோ, ரொம்ப தண்ணியா கரைச்ச பெட்டாடினோ விட்டு கழுவணும். மேல பொருக்கு கட்டி மூடிடுச்சேன்னு சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க, அடி ஆறுறதுக்கு முன்னாடி மேல மூடக் கூடாது, எத்தனை நாள் திறந்து வைக்கணும்னு கேட்டு வச்சுக்கோங்க. பக்கத்துல இருக்குற மத்த கினி பிக் கழுத்தையும் தடவிப் பாருங்க, கழுத்துக் கட்டிக்கு காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு தொத்தும். மடியில தூக்குனதும் கைய கழுவுங்க.

டாக்டர் சூடா வைக்கச் சொன்னார், இங்க மே மாசம் 40 டிகிரி. ஏசி போடலாமா?

சூடா வைக்கச் சொல்றது மயக்க மருந்து தெளியுற முதல் சில மணி நேரத்துக்கு. அப்போ உடம்பு சூடு இறங்கிடும், சாதாரணமா 38, 39 டிகிரி இருக்கணும். வெந்நீர் பாட்டில டவல்ல சுத்தி கூண்டுல ஒரு பக்கம் மட்டும் வைங்க, சூடு அதிகமானா நகர இடம் இருக்கணும். எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சதும் எடுத்துடுங்க.

அதுக்கப்புறம் பயம் எதிர்ப்பக்கம். கினி பிக்குக்கு வியர்க்காது, 27, 28 டிகிரிக்கு மேல போனாலே கஷ்டம், ஏற்கனவே படுத்திருக்குறதுக்கு இன்னும் கஷ்டம். ஏசி 25ல வைங்க, காத்து நேரா கூண்டு மேல அடிக்காம. கரண்ட் போற ஊர்னா ஐஸ் தண்ணி பாட்டில துணில சுத்தி வைங்க, தரைல ஒரு மார்பிள் டைல் போட்டா அதுமேல படுத்துக்கும். மொட்டை மாடிக்கு அடில இருக்குற ரூம்ல வைக்கவே வேண்டாம்.

ஜோடிய பிரிச்சு வைக்கணுமா? தனியா இருந்தா ஏங்கிப் போயிடும்னு சொல்றாங்க

ஏங்கும் தான். சுவிட்சர்லாந்துல 2008லேர்ந்து கினி பிக்க ஒத்தையா வளக்குறதே சட்டப்படி தப்பு, அவ்ளோ கூட்டத்துல வாழுற பிராணி. அதனால முழுசா வேற ரூமுக்கு மாத்தாதீங்க, ஒரே கூண்டுல நடுவுல கம்பித் தட்டி போட்டா போதும், பாத்துக்கும், மோந்துக்கும், அது மெல்றதப் பாத்து இதுவும் மெல்லும். முதல் ரெண்டு மூணு நாள் தட்டி இருந்தா யாரோட புழுக்கை, யார் சாப்பிட்டதுன்னும் தெளிவா தெரியும். சாதுவான ஜோடி, மேல ஏறாது, தையல நக்காதுன்னா அப்புறம் எடுத்துடலாம். ரொம்ப நாள் பிரிச்சு வச்சா திரும்ப சேரும்போது சண்டை வரும். தொத்து வியாதின்னா மட்டும் இது பொருந்தாது.

ஆணுக்கு நியூட்டர் (விதை நீக்குற ஆபரேஷன்) பண்ணியாச்சு, இன்னிக்கே பெண்ணோட விடலாமா?

ஆறு வாரம் ஆகட்டும். ஏற்கனவே உள்ள தங்கியிருக்குற விந்துல அதுவரைக்கும் குட்டி பிறக்க வாய்ப்பு இருக்கு. பெண்ணுக்கு ஏழு எட்டு மாசம் தாண்டி முதல் பிரசவம்னா இடுப்பெலும்பு விரியாம சிசேரியன்ல போய் நிக்கும், எதுக்கு வம்பு.

சளி, நிமோனியாவுக்கு மருந்து ஓடுது. ஆவி பிடிக்க வைக்கலாமா, விக்ஸ்?

ரெண்டும் வேண்டாம், சூடான ஆவில மயங்கிடும். நெபுலைசர் வேணும்னா டாக்டர் என்ன மருந்து, எத்தனை நிமிஷம்னு சொல்வார். மூக்க ஈரப் பஞ்சால தொடச்சு வழி விடுங்க, மூக்கு அடைச்சா மோப்பம் தெரியாது, மோப்பம் தெரியலன்னா சாப்பிடாது. இதுக்கு ஊட்டும்போது இன்னும் சின்னச் சின்ன வாயா, மூச்சு வாங்க நேரம் விட்டு. வாயத் திறந்து மூச்சு விட்டா ஊட்டுறத நிறுத்திட்டு ஆஸ்பத்திரி.

வீட்ல முயலோ நாயோ இருந்தா தனியா வைங்க. பார்டடெல்லாங்கிற கிருமிய அதுங்க சாதாரணமா சுமந்துட்டு திரியும், கினி பிக்குக்கு அதுவே நிமோனியா.

கல்லு ஆபரேஷன் முடிஞ்சு யூரின் சிவப்பா வருது, சில நேரம் வெள்ளையா வருது

மூத்திரப் பைய அறுத்து தச்சிருக்காங்க, சில நாள் ரோஸ் கலர்ல வரலாம், நாளாக நாளாக வெளிறணும். பீட்ரூட் குடுத்திருந்தா அதுவும் சிவப்பு தான், முதல்ல மெனுவ யோசிங்க. வெள்ளையா, காஞ்சா சுண்ணாம்புப் பொடி மாதிரி ஆகுறது ஓரளவுக்கு இயல்பு, அதிகப்படி கால்சியத்த அது யூரின்ல தான் தள்ளும். விரல்ல தேச்சா மணலா நறநறங்குதுன்னா டாக்டர்கிட்ட காட்டணும். முக்கி முக்கி கீச்சுன்னு கத்துது, ஒரு சொட்டும் வரலன்னா அது அடைப்பு, ராத்திரின்னாலும் கிளம்பணும்.

கல்லு எடுத்தாச்சு, இனிமே கீரையே குடுக்கக் கூடாதா?

கல்லு திரும்ப வர்றது சகஜம், அத மறைக்கல. கினி பிக் கல்லு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதனால அகத்தி, முருங்கைக்கீரை, பாலக், பார்ஸ்லி, மாட்டுக்குப் போடுற குதிரை மசால் இதெல்லாம் விட்டுடுங்க. கொத்தமல்லி கொஞ்சம், லெட்டூஸ், வெள்ளரி, குடைமிளகாய் தரலாம், கழுவி ஈரத்தோட குடுங்க, தண்ணி எவ்ளோ உள்ள போகுதோ அவ்ளோ நல்லது. தட்டுல முக்கால்வாசி புல்லு தான் இருக்கணும். கடைல விக்கிற திமோதிங்கிற காஞ்ச புல்லு விலை கட்டுப்படி ஆகலன்னா மருந்தடிக்காத அருகம்புல்லு, கினியா புல்லு பச்சையாவோ நிழல்ல காயவச்சோ குடுக்கலாம். சில மாசத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தா சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சுடும், கால்சியம் கல்லு எக்ஸ்ரேல நல்லாவே தெரியும்.

பல்ல ராவி விட்டாங்க, அப்பவும் சாப்பிடல. வேலை சரியா பண்ணலையோ?

அப்படி இருக்கணும்னு இல்ல. கடவாய்ப் பல்லு நீண்டு நாக்க அமுக்கிட்டு இருந்திருக்கும், அங்க புண்ணு இருக்கும், இத்தனை நாள் சரியா மெல்லாததால தாடை சதையும் தளர்ந்திருக்கும். மூணு நாலு நாள் ஊட்ட வேண்டி வரலாம். மெல்லிசா சீவுன குடைமிளகாய், நீளவாக்குல கிழிச்ச புல்லு வச்சுப் பாருங்க. ஒரு வாரம் ஆகியும் வாய்ல எடுத்து எடுத்து கீழ போட்டா திரும்ப வாயத் திறந்து பாக்கச் சொல்லுங்க. இருபது பல்லும் சாகுற வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கும், சிலதுக்கு சில மாசத்துக்கு ஒரு தடவ இதே வேலை தான்.

அடுத்த வாரம் ஆபரேஷன், முதல் நாள் ராத்திரிலேர்ந்து பட்டினி போடச் சொல்றாங்க

நாய், பூனைய பட்டினி போடுறது மயக்கத்துல வாந்தி எடுக்கக் கூடாதுன்னு. கினி பிக்கால வாந்தியே எடுக்க முடியாது. வாய்க்குள்ள மெல்லாத புல்லு இருந்தா ஆபத்துன்னு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி சாப்பாட்ட எடுத்தா போதும்னு தான் பல பேர் செய்றாங்க. ராத்திரி பூரா பட்டினின்னா ஆபரேஷனுக்கு முன்னாடியே குடல் நிக்க ஆரம்பிச்சுடும். "கினி பிக்குக்கும் இதே தானா, எதுக்கு?"ன்னு கேளுங்க. பதில் திருப்தியா இல்லன்னா இந்தப் பிராணிய வழக்கமா பாக்குற இன்னொரு டாக்டர தேடுறதுல தப்பே இல்ல.

அஞ்சு வயசாச்சு, ஆபரேஷன் தாங்குமா? ஒரு எலிக்கு இவ்ளோ செலவான்னு வீட்ல திட்றாங்க

கினி பிக் அஞ்சுலேர்ந்து எட்டு வருஷம் வாழும், வயசு மட்டுமே காரணம் இல்ல. எடை நல்லா இருக்கா, மூச்சு சுத்தமா இருக்கா, சாப்பிடுதாங்கிறத வச்சுத்தான் டாக்டர் சொல்வார். கல்லு அடைச்சா, பல்லு குத்துனா ஆபரேஷன் பண்ணலன்னா தினம் வலி, அதனால அங்க யோசிக்கவே வேண்டாம்னு நினைக்கிறேன். முதுகுல வலிக்காத ஒரு கொழுப்புக் கட்டி, அதுவும் வளராததுன்னா விட்டுப் பாக்கலாம். திட்றவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல, எங்க வீட்லயும் திட்டு தான்.

பத்து நாள் நல்லா இருந்துச்சு, தையலும் ஆறிடுச்சு, இப்போ திடீர்னு திரும்ப சாப்பிடல. ஆபரேஷனால இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உள்ள ஆறும்போது சதை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டது, உள்தையல்ல சீழ், வலி மருந்து நிறுத்துனது, ஆன்டிபயாடிக்கால குடல் கெட்டது, இவ்ளோ நாள் கூழு மட்டுமே சாப்பிட்டு பல்லு தேயாம நீண்டது, இதுல எதுவும் நடக்கலாம். கடைசில சொன்னது நிறைய பேர் யோசிக்காத காரணம், அதான் கூழு குடுக்கும்போதும் முன்னாடி எப்பவும் புல்லு இருக்கணும்னு சொல்றேன்.

கண்டுபிடிக்குறது டாக்டர் வேலை. நீங்க எடை எழுதுன நோட்டு, கடைசியா எப்போ புழுக்கை போட்டுச்சு, என்ன மருந்து என்னிக்கு நிறுத்துனீங்க, இத எடுத்துட்டு அன்னிக்கே போங்க. வயிறு உப்பாம இருந்தா போற வழிலயும் ரெண்டு சிரிஞ்ச் கூழு குடுத்துட்டே போங்க.